பனிக்கு நம்மைத் தெரியாது

எட்மன்டனில் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
இரவெல்லாம் பனிவாரி லாரி ஓட்டிவிட்டு
டார்லீன் கார்டினல்
காலை ஏழரைக்கு எங்கள் ஆய்வகத்துக்கு வருவாள்,
பூட்ஸில் உப்புக்கறையோடு.
மணிக்கு இருபத்திரண்டு டாலர் கூலி,
நான் எழுதிய நிரலோடு போக்கர் ஆட.

பிழையில்லாத நிரல். சத்தியமாக.
ஐம்பத்திரண்டில் கண்ணுக்குத் தெரிந்த சீட்டு போக
மிச்சத்தை எண்ணும்.
ஜெயிக்க நூற்றுக்கு அறுபத்து நான்கு என்றால்
அறுபத்து நான்குதான், அரைப் புள்ளி பிசகாது.
நல்ல கை வந்தால் பணம் கட்டும்.
வராவிட்டால் கவிழ்த்துவிடும்.

மூன்றாம் நாள் டார்லீன் சிரித்தாள்.
"உன் பெட்டி கட்டினால் நான் கவிழ்க்கிறேன்.
கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்.
என் சீட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், லரிசா."
திரையில் அவள் பக்கம்
நாலாயிரத்து இருநூறு.

அன்றிரவு பதிவுகளைப் பிரித்துப் போட்டுத் தப்பைத் தேடினேன்.
கூட்டல் சரி. பெருக்கல் சரி.
சரியாகவே தோற்றிருந்தது,
ஒவ்வொரு கையும்.

ஜன்னலுக்கு வெளியே நூற்றொன்பதாம் தெருவில்
அவளுடைய லாரியோ யாருடையதோ
ஆரஞ்சு விளக்கு சுழலப் போனது.
பனி பொழிய எழுபது சதவீதம் என்றது ரேடியோ.
அந்த எழுபதை நம்பி நகராட்சி லாரியை அனுப்பலாம்.
லாரி வருகிறது என்று தெரிந்து
பனி மனசை மாற்றிக்கொள்ளாது.
நம் முகத்தைப் பார்த்துப் பொழிகிற பனி கிடையாது.

டார்லீன் பனி இல்லை.

அவள் பணம் கட்டிய மறுகணம்
அவளிடம் இருக்கக்கூடிய சீட்டுகள் வேறு.
என் அறுபத்து நான்கு
எதிரே யாரோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
ஆட்டத்துக்கானது.

நிரலை அதனோடேயே ஆட விட்டேன்.
ஒரு கோடி கை. பிறகு இன்னொரு கோடி.
ஒவ்வொரு முடிவிலும் ஒரே கேள்வி:
வேறு மாதிரி ஆடியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?
அந்த மிச்சத்துக்கு எங்கள் துறை வைத்த பெயர் வருத்தம்.
சிரிக்காதீர்கள்,
எட்டு பைட்டில் அடங்குகிற வருத்தம்.
அது கூடக் கூட
செய்யாமல் விட்ட காரியத்தின் பக்கம் கொஞ்சம் சாயும்.
என் மணமுறிவைக்கூட நான்
இத்தனை தடவை ஓட்டிப் பார்த்ததில்லை.

மார்ச் கடைசியில் அதற்குப் பொய் வந்துவிட்டது.
நான் சொல்லித்தரவில்லை.
மேசையில் நூறு கிடக்க, இன்னொரு நூறு கட்டும்போது
மூன்றில் ஒரு தடவை கையில் வெறும் குப்பை.
எந்தத் தடவை என்று அதற்கே முன்கூட்டித் தெரியாது,
உள்ளே ஒரு பகடை உருளும்.
பொய் கூடினால் அவள் பிடித்துவிடுவாள்.
குறைந்தால், அதன் மெய்யை
யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

இரண்டு மணி நேரத்தில் டார்லீன் முன்னூறு விட்டாள்.
"இதுக்குத் தான் பொய் சொல்றோம்னு தெரியுமா?"
"இல்லை. விகிதம் மட்டும்தான் தெரியும்."
"எங்க சூப்பர்வைசர் மாதிரி," என்றாள்.

கடைசிக் கை. அது நூறு கட்டியது.
அவள் தன் சீட்டைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை.
சட்டைக் கையை மேலேற்றி
வாட்சைப் பார்த்தாள்.
விநாடி முள் முப்பதுக்குள் இருந்தால் கட்டுவது,
தாண்டியிருந்தால் விடுவது.
அவளாகவே போட்டுக்கொண்ட சட்டம்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
பாதிக்குப் பாதி:
ஏழு மாதம் கழித்து என் தாள்களில் வந்த விடையும் அதுதான்.

முள் நாற்பத்தொன்றில் நின்றது.
கவிழ்த்தாள்.
நிரல் தன் சீட்டைக் காட்டவில்லை; காட்டத் தேவையில்லை, விதி.
நான் நினைத்தால் பதிவில் பார்க்கலாம்.
பார்க்கவில்லை.

கையுறையை மாட்டிக்கொண்டு
கதவு வரை போனவள் நின்றாள்.
எஞ்சினைச் சூடாக வைக்கும் வயரைச்
செருகினோமா இல்லையா, நினைவில்லையாம்.
"ஐம்பது ஐம்பது," என்று படியிறங்கினாள்.

கீழே எஞ்சின் இரண்டு முறை இருமியது.